பதினாலா, நூற்று நாற்பதா

ஆஸ்பத்திரி லேபில் ரத்தத்தை எண்ணும் மெஷினின் சொந்தத் திரை செத்து வெகுநாளாயிற்று. அதிலிருந்து ஒரு கேபிள் பழைய கம்ப்யூட்டருக்கு ஓடுகிறது. மெஷின் அனுப்புவதை எழுத்தெழுத்தாக வாங்கித் திரையில் காட்டும் புரோகிராம் என்னுடையது. அதற்கு ஒரு வியாதி உண்டு. பிரிண்டர் ஓடினால் கம்ப்யூட்டர் அந்தப் பக்கம் திரும்பிவிடும். அந்த நேரம் பார்த்து வருகிற எழுத்து ஒன்று காணாமல் போகும். லேப் அக்கா இதற்காக என்னைத் திட்டாத வாரமில்லை.

அன்று காய்ச்சலோடு வந்த என் தங்கைக்கு, ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் பதினாலு என்று காட்டியது. ஆயிரக் கணக்கில் சொல்லும் எண். நூற்றைம்பதாவது இருக்க வேண்டும். பதினாலு என்றால் உள்ளே எங்கே வேண்டுமானாலும் ரத்தம் கசியலாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"கடைசி பூஜ்யம் விழுந்திருக்கு டாக்டர். அது நூத்தி நாப்பது. பிரிண்டர் ஓடிட்டிருந்துச்சு, என் புரோகிராமப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"ஆம்புலன்ஸ் கூப்பிட்டாச்சு. அது வர்றதுக்குள்ள பாத்துச் சொல்லுங்க."

பிரிண்டரின் வயரைப் பிடுங்கி எறிந்தேன். லேப் அக்கா அதே ரத்தத்தை மறுபடி மெஷினில் வைத்தார். ஒவ்வொரு வரி முடிவிலும் அந்த வரியின் எழுத்துகளை எல்லாம் கூட்டி மெஷின் ஓர் எண் அனுப்பும். நாமும் கூட்டிப் பார்த்து இரண்டும் ஒத்துப்போனால் வரி முழுசாக வந்தது என்று அர்த்தம். அதை இவ்வளவு நாள் சீந்தாமல் விட்டிருந்தேன். சேர்க்க நாலு வரி போதும். தப்பும் தவறுமாக அடித்து, அழித்து, ஒருவழியாகச் சேர்த்தேன். நாற்காலி ஆடியது, ஃபேன் கிறீச்சிட்டது, எல்லாவற்றின் மீதும் எரிச்சல் வந்தது.

தங்கையின் கணவர் கதவுக்குள் தலையை நீட்டினார். "என்ன மச்சான் சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, கம்ப்யூட்டர் கோளாறு. போய் உக்காருங்க."

மெஷின் முனகியது. திரையில் பதினாலு வந்தது. பக்கத்திலேயே நான் கூட்டிய எண்ணும் அது அனுப்பிய எண்ணும் ஒத்து நின்றன.

லேப் அக்கா என் முகத்தைப் பார்த்தார். "உங்க புரோகிராம் என்னைக்குத் தம்பி ஒழுங்கா இருந்துச்சு? இருங்க, இன்னொரு தடவ ஓட்டறேன்." வழக்கமான திட்டுதான், ஆனால் இந்த முறை அதில் கோபமில்லை.

இன்னொரு தடவையும் பதினாலு. கூட்டலும் சரியாக இருந்தது. என் வேலை சொதப்பியிருக்கக் கூடாதா என்று தவித்தபடி அந்த வரியில் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து எண்ணினேன். ஒன்றுகூடக் குறையவில்லை.

வெளியே பெஞ்சில் தங்கை சாய்ந்திருந்தாள். "அண்ணா, உன் புரோகிராம்தானே? அப்ப பயப்பட ஒண்ணுமில்ல."

அவள் கையைப் பிடித்தேன். கேபிளையே முறைத்துக்கொண்டிருந்தவன் அந்தக் கையை அப்போதுதான் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே நீலம் நீலமாகக் கன்றியிருந்தது.

"இது எப்பலேருந்து?"

"நேத்துலேருந்து. எங்கயும் இடிச்ச மாதிரி ஞாபகமில்ல."

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

"என் புரோகிராம் தப்பு பண்ணலம்மா," என்றேன். "எழுந்திரு, நானும் கூட வர்றேன்."