ரெண்டுக்கு அப்புறம்

முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தான் தம்பி. சுற்றச் சுற்ற வந்துகொண்டே இருந்தது. கோயில் மைதானத்தில் கிடந்த அத்தனை ஒயரும் தானாகவே நடந்து இந்த வாசலுக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது. கருகிய முனை கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சுற்றினான்.

பதினோரு மணிக்கு அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருவார்கள். கூடத்தில் நாற்காலிகளை ஓரங்கட்டி இடம் பண்ணியிருந்தார்கள். ஆட்கள் வாயை மட்டும் அசைத்தபடி வந்து போனார்கள். நேற்று மாலை வெடிகள் மொத்தமாக வெடித்ததில் அவனுக்கு வலது காது அடைத்துவிட்டது. இடது காதில் எல்லாமே தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. அது ஒரு வகையில் சுகமாகவும் இருந்தது. அதற்காக வெட்கப்பட்டான்.

அண்ணன் தம்பி இருவரும் மைக்செட்காரர்கள். குரல் ஒரே அச்சு. போனில் பெற்ற தாயே ஏமாந்திருக்கிறாள். தெருவில் தம்பிக்குப் பெயரே எதிரொலி. ஆனாலும் பதினைந்து வருஷத்தில் திருவிழா மைதானத்தில் அண்ணன் ஒருநாள்கூட அவனிடம் மைக்கைக் கொடுத்ததில்லை. மைதானத்தின் கோடியில் நிற்கும் வெடிக்காரருக்கு மைக்தான் உத்தரவு. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஒலிபெருக்கியில் கேட்டதும் திரியில் நெருப்பு வைப்பார். அதனால் மைக்கைச் சோதிக்கும்போது அண்ணன் ரெண்டோடு நிறுத்திவிடுவான்.

“மூணு நம்ம சொத்து இல்லடா. வெடிக்காரர் சொத்து” என்பான்.

பழகிப்போய் வீட்டிலும் அப்படித்தான். “மாடிப்படிய எண்ணச் சொன்னா ரெண்டுக்கு அப்புறம் நாலும்பாரு” என்று அண்ணி கிண்டலடிப்பாள்.

நேற்று கோடிக் கம்பத்து ஒலிபெருக்கி திடீரென்று ஊமையாகிவிட்டது. ஒயரில்லாத மைக்கைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அண்ணன் போய் ஏணியில் ஏறினான். கீழே வெடிகள் அடுக்கியிருந்தன. வெடிக்காரர் கம்பம் கண்ணில் படாத மறுபக்கத்தில் திரியருகே குந்தியிருந்தார். மேலே நின்று தம்பியைப் பார்த்துக் கையைத் தூக்கினான். பொறு என்றானா, பேசு என்றானா, இன்னும் விளங்கவில்லை. மேஜைமேல் இன்னொரு மைக் இருந்தது. பதினைந்து வருஷத்து ஆசை, எடுத்துவிட்டான். ஒண்ணு என்றதும் கோடி ஒலிபெருக்கிக்கு உயிர் வந்துவிட்டது. தன் குரல் ஆகாயத்தில் போவதை அவனே கேட்டான். ரெண்டு. நாக்கு நிற்கவில்லை.

ஏட்டு வந்து அண்ணிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டார். தம்பி அவருடைய உதடுகளைப் பார்த்தான்.

“மூணு கேட்டுச்சு, வச்சேன்னு வெடிக்காரர் சொல்றாரு. அங்க இருந்தவங்க எல்லாரும் உங்க வீட்டுக்காரர் குரல்னு சொல்றாங்க. அவர்கிட்டயும் மைக் இருந்திருக்கு. நீங்க என்னம்மா சொல்றீங்க?”

அண்ணி தம்பியைப் பார்த்தாள். ஒயர் சுற்றிய கை நின்றது.

“அவரு குரல்தாங்க” என்றாள்.

ஏட்டு எழுதிக்கொண்டார். “நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க” என்றபடி பேனாவை மூடினார். பக்கத்து வீட்டுக்காரர் தலையாட்டினார்.

அவர் படியிறங்கியதும் அண்ணி வந்து தம்பியின் இடது பக்கம் உட்கார்ந்தாள். எந்தக் காது கேட்கும் என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

“மூணு அவரு வாயில வராது தம்பி. எனக்குத் தெரியும்.”

“அண்ணி...”

“போனவர போலீஸ் என்ன செஞ்சிரப் போகுது? நீங்களாவது வீட்ல இருக்கணும். டீ ஆறுது, குடிங்க.”

டம்ளரை அவன் பக்கம் நகர்த்திவிட்டு உள்ளே போனாள். அடித்திருந்தால் தாங்கியிருப்பான்.

டீயில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இனி இந்தத் தெரு அண்ணனைப் பற்றி எப்போது பேசினாலும் அந்த நுணலும் கூடவே வரும். ஒரு சொல்லைப் பதினைந்து வருஷம் நாக்கில் ஏற்றாமல் காத்தவன் அவன். தம்பிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே எழுந்தான்.

சுற்றிய ஒயர் கையிலிருந்து அவிழ்ந்து பின்னாலேயே வந்தது. வாசல் தாண்டியது, படி தாண்டியது. தெரு மிக நீளமாக இருந்தது. முனையில் ஏட்டு வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்.

“சார்.”

எவ்வளவு சத்தமாகச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. தெருவில் எல்லாத் தலைகளும் திரும்பின.

“ஒண்ணு” என்றான். “ரெண்டு.”

அண்ணி ஓடிவந்து வாசலில் நின்று கையைத் தூக்கினாள். பொறு என்றுதான். இந்தத் தடவை சந்தேகமில்லை.

“மூணு.”

ஏட்டு அவன் முகத்தையே பார்த்தார். பிறகு வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு நோட்டை எடுத்தார். தூக்கிய கையை அண்ணி மெல்ல இறக்கினாள். ஒயரின் கருகிய முனை அவள் காலடியில் கிடந்தது. குனிந்து எடுத்து, முழங்கையில் சுற்ற ஆரம்பித்தாள்.