ஆமைக்குக் கட்டிய வீடு

சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளை ரோட்டில் லூர்துசாமி கட்டிய ஓட்டு வீடு, அவர் குடிபோன மூன்றாம் மாதம், 2006 தை கடைசியில், கடலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. அந்த வருஷம் சம்பா அறுப்பு சுமார்தான், ஆனால் வயலில் தெளித்த உளுந்து நன்றாக முளைத்திருந்தது. வீடு நகர்ந்ததை முதலில் கவனித்தவர் லூர்துசாமியின் மனைவி ஜெயமேரி. சமையலறைத் தண்ணீர் போய் விழும் குழிக்கும் சுவரில் இருந்த குழாய்க்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விழுந்திருந்தது. குழி தோண்டிய இடத்திலேயே இருந்தது. வீடுதான் தள்ளிப் போயிருந்தது. மனையை அளந்து கொடுத்த ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் நான்கு மூலைக் கல்லையும் பார்த்தார், கல்லெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, வீட்டில்தான் கோளாறு என்று சொன்னார், கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கோளாறு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் கடலூருக்குப் போக வேண்டும். லூர்துசாமி கடலூர் முதுநகரில், எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பார். மோட்டாரைக் கொடுத்துவிட்டுப் பயிர் வாடுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற விவசாயிகள் எத்தனையோ பேர். அப்படியும் அவர்மேல் யாருக்கும் கோபம் வராது, அவ்வளவு சிரித்த முகம். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகன் சகாய ஆனந்த் 2004இல் ஆறாம் வகுப்புப் படித்தான். அந்த வருஷம் மழை விட்டதும் கெடிலம் ஆற்றுப் பாலத்தடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு ஆமையைப் பிடித்துக்கொண்டு வந்து, துணி ஊறவைக்கும் நீல பேசினில் விட்டு வைத்திருந்தான். ஆமை பேசினின் ஓரத்தைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. அதற்கு இடம் போதவில்லை என்று பையன் அப்பாவைப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்குள் ஒரு தொட்டி வேண்டும், கொல்லையில் ஓர் அடைப்பு வேண்டும், இரண்டுக்கும் நடுவே போய்வர ஒரு வழி வேண்டும் என்றான். "அதுக்கு வெயிலும் வேணும், நெழலும் வேணும்பா. நம்ம ஒண்ணும் தூக்கி வெக்க வேணாம். எது வேணுமோ அதுவே நடந்து போயி எடுத்துக்கும்" என்றான். கிறிஸ்துமஸ் போகட்டும், அப்புறம் கட்டலாம் என்றார் லூர்துசாமி. பையனின் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து, சமாதானத்துக்கு ஒரு சிவப்பு ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பையன் புதுச்சட்டையோடு அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு விளையாடப் போனான். அன்று கடல் என்ன செய்தது என்பது இந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், திரும்ப எழுத வேண்டியதில்லை. லூர்துசாமி வரிசையாகக் கிடத்தியிருந்த பிள்ளைகளின் முகத்துணியை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். அதில் அவன் இல்லை. அப்புறமும் கிடைக்கவில்லை. தொட்டி கட்டத் தொடங்கியிருந்தால் அன்று காலை பையன் தன் பக்கத்தில் உட்கார்ந்து சிமெண்ட் குழைத்துக்கொண்டு இருந்திருப்பான் என்ற நினைப்பை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததால் அது ஆறவும் இல்லை.

கடல் சத்தம் காதில் விழுகிற ஊரில் இனி இருக்க மாட்டேன் என்று அவர் சிதம்பரத்துக்குக் கிளம்பினார். ஜெயமேரி பேசினை ஆமையோடு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தார். மகன் விட்டுப்போனதில் உயிருள்ளது அது ஒன்றுதான். ஆனால் சிதம்பரத்தில் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பம் கெட்டுப்போகும் என்ற பயம் இந்தப் பக்கத்தில் படித்தவர், படிக்காதவர், கோயிலுக்குப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர் எல்லாருக்கும் பொது. வீட்டுக்காரர்களிலேயே நல்ல மனுஷர் என்று பெயரெடுத்த தட்சிணாமூர்த்திகூட, "புள்ளயப் பறிகுடுத்துட்டு வந்திருக்கீங்க, உங்களுக்கு இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா அந்த ஆமய எங்கியாவது விட்டுட்டு வாங்க" என்றார். ஜெயமேரி பேசினைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். கடைசியில் முதுநகர் கடையை விற்றுக் கிள்ளை ரோட்டில் மனை வாங்கினார்கள். கொத்தனார் சாமிக்கண்ணுவும் ஆமையைப் பார்த்ததும் கரணையைக் கீழே வைத்துவிட்டார். சாயங்காலம்வரை யோசித்து அவரே ஒரு வழியும் சொன்னார். "ஆம வீட்டுக்குள்ள வரக் கூடாது, அவ்ளோதான? வீடு ஆமகிட்ட வரலாமில்ல? மொதல்ல அத மனைக்கு நடுவுல குடி வெப்போம். அப்பறம் அத சுத்தி செவுரு எழுப்புவோம். அது எங்கயும் நொழையலன்னு ஆயிடும்." எல்லாருக்கும் இது மிகவும் புத்திசாலித்தனமாகப் பட்டது.

அப்படியே செய்தார்கள். மனையின் நடுவில் ஆமையின் தொட்டி முதலில் வந்தது, வீட்டுக்குக் கடைக்கால் பிறகுதான் வந்தது. மகன் சொன்னதை ஒவ்வொன்றாக ஞாபகம் வைத்து லூர்துசாமி கட்டினார். தொட்டியின் ஒரு கோடியில் ஒரு சாண் தண்ணீர், மறுகோடியில் ஏறி உட்காரச் சரிவு. நகம் பிடிக்க வேண்டும் என்று சரிவைச் சொரசொரப்பாகவே விட்டார். கொல்லையில் முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழுப்பி அடைப்பு. தோண்டிக்கொண்டு போய்விடாமல் செங்கல்லை ஓரடி ஆழம் புதைத்தார். காக்கையும் கீரியும் வராமல் மேலே கம்பி வலை, புதைந்து படுக்க மணல், நிழலுக்குக் கவிழ்த்த பாதிப் பானை. தொட்டிக்கும் அடைப்புக்கும் நடுவே சுவரில் ஒரு சின்ன வழி விட்டு, ஆமையே தள்ளித் திறக்கும்படி பலகைக் கதவு மாட்டினார். ஒன்றே ஒன்றுதான் தப்பிப்போயிற்று. தொட்டியில் காலை வெயில் விழுவதற்காகக் கூரையில் வைக்க ஒரு கண்ணாடி ஓடு வாங்கியிருந்தார். சாமிக்கண்ணு அதை மேற்குச் சரிவில் வைத்துவிட்டார். வெயில் தொட்டியைத் தாண்டிச் சுவரில் விழுந்தது. மாற்றி வைக்கும்படி ஜெயமேரி சொன்னபோது, நாளைக்கு மாற்றலாம் என்றார் லூர்துசாமி.

வீட்டுக்குள் ஆமை வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த அத்தனை பேரில் ஒருவர்கூட, ஆமையின்மேல் வீட்டை வைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. முதுகின்மேல் இருப்பதைத் தூக்கிக்கொண்டு போவதுதான் அதன் பழக்கம். அது போக வேண்டிய இடம் கிழக்கே இருந்தது.

காரணம் புரிந்த அன்றே லூர்துசாமி ஆமையைச் சாக்கில் கட்டிப் பெண்ணாடத்துக்கு பஸ் ஏறினார். அங்கே சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் மச்சான், ஜெயமேரியின் அண்ணன், இருந்தார். கடலுக்கு அதைவிடத் தூரத்தில் அவருக்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது. மச்சான் வீட்டுக் கிணற்றடியில் சாக்கைப் பிரிப்பதற்குள் கிள்ளை ரோட்டிலிருந்து பக்கத்து வீட்டு மலர்க்கொடி போன் செய்துவிட்டாள். "அண்ணே, உங்க வூடு தொய்யுது. அக்கா உள்ளாற இருக்காங்க, எழுந்திரிக்க முடியலங்கறாங்க. சீக்கிரம் வாங்க." அவர் ஆமையோடு திரும்பி வந்தபோது சுவர்கள் ஈரத் துணிபோல உள்வாங்கியிருந்தன, விரல் வைத்தால் பதிந்தது. ஜெயமேரி கூடத்தில் சுருண்டு கிடந்தார். காற்றுப் பட்டாலே உடம்பு எரிகிறது என்றார். ஆமையைத் தொட்டியில் விட்டதும் சுவர் விறைத்துக்கொண்டது. ஜெயமேரி எழுந்துபோய் உலை வைத்தார். அதன் பிறகு ஆமையை வெளியே அனுப்பும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

வீடு போய்க்கொண்டிருந்தது. ஒரு வயலைக் கடக்க ஒரு போகம் ஆனதும் உண்டு, கோடையில் நான்கு வயலை ஒரே மாதத்தில் தாண்டியதும் உண்டு. பயிர் வீட்டுக்கு அடியில் படுத்து, வீடு போன பிறகு எழுந்துகொண்டதால் விவசாயிகள் சண்டைக்கு வரவில்லை; வரப்பில் நின்று, இன்னும் எத்தனை நாள் இங்கே இருப்பீர்கள் என்று மட்டும் கேட்டார்கள். மின்சாரக்காரர்கள் இரண்டு கம்பம்வரை ஒயரை இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். ரேஷன் கார்டு ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்கு மாறியது. ஒவ்வோர் ஊராட்சியும் வீடு தன் எல்லைக்குள் இருந்தவரை வீட்டுவரி வாங்கியது, எல்லை தாண்டியதும் மறந்தது. 2008 கார்த்திகை வெள்ளத்தில் வீடு கான்சாகிப் வாய்க்காலைக் கடந்தது; ஊரெல்லாம் பாயும் படுக்கையும் நனைந்தபோது இந்த வீட்டு வாசற்படி நனையவில்லை. லூர்துசாமியும் சும்மா இருக்கவில்லை. கொல்லை அடைப்பை மேற்கே நீட்டிக் கட்டினார். அந்தக் கோடியில் ஆகாயத்தாமரை மிதக்கும் தண்ணீரும் மண்புழுவும் வைத்தார். ஆமை முகத்தைத் திருப்பினால் வீடும் திரும்பிவிடும் என்று நம்பினார். ஆமை பலகைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து மண்புழுவைத் தின்றது, முதுகு காயும்வரை வெயிலில் கிடந்தது, பிறகு தொட்டிக்குப் போய்க் கிழக்கே பார்த்து உட்கார்ந்தது. பாவம், அந்த மனுஷர் கண்ணை மூடினால் போதும், கடல் இன்னும் எவ்வளவு தூரம் என்ற கணக்குத்தான் ஓடும்.

2010இல் வீடு கிள்ளையைத் தாண்டியதும், கிழக்கே இருந்து காற்று வரும்போது கடல் கேட்டது. லூர்துசாமி காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். ஜெயமேரி கிழக்கு ஜன்னலைத் திறந்து வைத்தார். வீடு போனால் போகட்டும், நாம் இரண்டு பேரும் இறங்கிக் கிள்ளையிலேயே ஒரு ரூம் பார்த்துக்கொள்வோம் என்று லூர்துசாமி கெஞ்சினார். "அந்தக் கடலு புள்ளயத் தூக்கிட்டுப் போச்சி. இப்ப ஒன்னையும் குடுத்துட்டு நான் நிக்கணுமா?" என்றார். "நீங்கதான் ஓடியாந்தீங்க. நான் வரேன்னு சொன்னனா? எம் புள்ள அங்க இருக்கான். ஆம போவுது, அதோட நானும் போறேன். நீங்க எறங்கறதுன்னா எறங்குங்க, எனக்குக் கோவமில்ல" என்றார் ஜெயமேரி. லூர்துசாமி இறங்கிவிட்டார். பயந்துதான் இறங்கினார், அதை மறைக்க ஒன்றும் இல்லை. கிள்ளை கடைத்தெருவில் மறுபடியும் காயில் கட்டும் கடை போட்டார். வீடு கடலோரச் சேற்றில் வளரும் சுரபுன்னைக் காட்டுக்குள் போயிற்று. அது போன தடம் சேற்றில் தளம் போட்டதுபோலக் கெட்டியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதன்மேல் நடந்துபோய் அரிசியும் காய்கறியும் ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, கிழக்கே திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார். ஒவ்வொரு வாரமும் நடக்க வேண்டிய தூரம் கூடிக்கொண்டே போனது.

2011 டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல் வருகிறது என்று சொல்லிப் படகுகளையெல்லாம் கரையேற்றினார்கள். அன்று மத்தியானம் லூர்துசாமி பாதி கட்டிய காயிலை அப்படியே போட்டுவிட்டு, கடையைக்கூடப் பூட்டாமல், அந்தத் தடத்தின்மேல் நடந்தார். வீடு காட்டைத் தாண்டிக் கடைசி மணல்மேட்டில் நின்றது. அந்தப் பக்கம் கடல். ஏழு வருஷம் கழித்து அதைப் பார்த்தவர் வாய்விட்டு அழுதார். ஜெயமேரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு அவர் ஏணியைத் தேடினார்.

"இப்ப எதுக்குங்க ஏணி?"

"அந்தக் கண்ணாடி ஓட்ட மாத்தணும்."

"காத்து இப்பிடி அடிக்குது. நாளைக்குப் பண்ணிக்கலாம்ங்க."

"நாளைக்கு வேணாம்" என்றார் லூர்துசாமி.

ஜெயமேரி ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவர் ஏறி, மேற்குச் சரிவில் இருந்த கண்ணாடி ஓட்டை உருவி, கிழக்குச் சரிவில் தொட்டிக்கு நேராகச் செருகினார். ஓடு கச்சிதமாக உட்கார்ந்தது. இறங்கி வந்து செருப்பைக் கழற்றி உள்ளே வைத்தார், கதவைச் சாத்திக்கொண்டார். மேட்டில் விட்டிருந்த வலையை எடுக்க வந்த சின்னவாய்க்கால் கிராமத்து மீனவர் கதிர்வேல்தான் இதைக் கடைசியாகப் பார்த்தவர்.

விடியற்காலையில் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு படுத்தன. ஒரு தலைமுறைக்கு வைத்த மரங்கள் ஒரு காலையில் போயின. கூரை போன வீடுகளுக்குக் கணக்கே இல்லை. இந்த வீட்டிலிருந்து மட்டும் ஓர் ஓடுகூடப் பறக்கவில்லை. தடம் மணல்மேட்டைத் தாண்டி நேராகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. சேதம் பார்க்க வந்தவர்கள் கதிர்வேலிடம் விசாரித்தார்கள். வீடு இடியவில்லை, போயிருக்கிறது என்று அவர் சொன்னார். இடியாத வீட்டுக்கு நிவாரணம் கிடையாது என்று சொல்லிவிட்டு அவர்கள் அடுத்த ஊருக்குப் போனார்கள்.

அங்கே மீன் பிடிக்கிறவர்களுக்கு இப்போது அந்த இடம் தெரியும். காற்றில்லாத காலையில் வெயில் ஏறும்போது பார்த்தால், ஆழத்தில் ஓர் ஓட்டின் அளவுக்கு வெளிச்சம் கிடக்கும். பாதி உடம்பு வெயிலிலும் பாதி நிழலிலுமாக ஓர் ஆமை அதில் உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தில் வலை போடுவதில்லை, கொஞ்சம் தள்ளிப் போடுகிறார்கள். அப்படியும் சில நாள் சிவப்பு ரப்பர் பந்து ஒன்று வலையில் வந்துவிடும், சாயம்கூடப் போகாமல். முதல் தடவை கதிர்வேல் அதைத் தன் பிள்ளைகளுக்கென்று வீட்டுக்கு எடுத்துப்போனார். எத்தனை முறை துடைத்தாலும், வெயிலில் வைத்தாலும், பந்திலிருந்து தண்ணீர் சொட்டுவது நிற்கவில்லை. கொண்டுவந்து எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டார். 2012இல் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரமும் அது வந்தது. படகுக்குப் புதிதாக வந்த ஆள் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கதிர்வேல் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தூக்கிப் போடுய்யா. அந்தப் புள்ள தேடும்" என்றார்.