திருத்திய கண்

போட்டோ ஸ்டூடியோக்காரர் கையில் சிக்கிய முகத்துக்குக் குறை என்பதே கிடையாது. பரு போகும், தழும்பு போகும், கண்ணுக்குக் கீழே தொங்கும் பையும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். வழுக்கையை மட்டும் விட்டுவைப்பார். படத்துக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை என்று எந்த அலுவலகமும் திருப்பி அனுப்பிவிடக் கூடாதே! இருபத்தாறு வருடமாக அவருக்கு இதுதான் பிழைப்பு, இதுதான் பெருமை.

அவருடைய தம்பி லிப்ட் மெக்கானிக். அன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவன், "தலை வெடிக்குது" என்று ஒரே ஒரு முறை கத்திவிட்டுச் சுருண்டு விழுந்தான். ரத்தத்தில் மருந்தை ஏற்றி ஸ்கேன் எடுத்த மூளை அறுவை டாக்டரம்மா, ஸ்டூடியோக்காரரையும் தம்பி மனைவியையும் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல ஒரு இடம் மெலிஞ்சு, பலூன் மாதிரி புடைச்சிக்கும். அனியூரிசம்னு பேரு. இவருக்கு ரெண்டு இருக்கு. வலப்பக்கம் ஒண்ணு, இடப்பக்கம் ஒண்ணு. அதுல ஒண்ணு வெடிச்சிருக்கு. ரத்தம் ரெண்டு பக்கமும் பரவிக் கிடக்கு, எதுன்னு ஸ்கேன்ல தெரியல."

"ரெண்டையும் ஒரேயடியா அடைச்சிட முடியாதா டாக்டர்?" என்றாள் தம்பி மனைவி.

"மூளை வீங்கியிருக்கும்மா. இன்னிக்கு ஒரு பக்கம்தான் திறக்க முடியும். வெடிச்சதை விட்டுட்டு மத்ததை அடைச்சா, அது மறுபடி வெடிக்கும். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

டாக்டரம்மா திரையில் விரலை வைத்தார். "பெருசு வலதுதான். ஆனா இடது கண்ணோட கருமணி விரிஞ்சிருக்கு. இடது பலூன் நரம்பை அழுத்தினாலும் அப்படி ஆகும், இமையும் தொங்கும். விழுந்தப்புறம் வந்த வீக்கத்தாலயும் ஆகலாம். அதனாலதான் கேக்கறேன். விழறதுக்கு முன்னாடியே அந்தக் கண்ணு ஒரு மாதிரி இருந்துச்சா?"

தம்பி மனைவி விழித்தாள். "புதுக் கட்டடத்துல வேலை டாக்டர். நான் எழுந்திரிக்கறதுக்குள்ள போயிடுவார், நான் தூங்கினப்புறம் வருவார். ஒரு வாரமா முகத்தையே சரியாப் பாக்கல." சட்டென்று நினைவு வந்தவளாகக் கைப்பையைத் துழாவி, கம்பெனி அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். "நாலு நாள் முன்னாடி எடுத்த படம். இவரேதான் எடுத்தார்" என்று ஸ்டூடியோக்காரரைக் காட்டினாள்.

டாக்டரம்மா அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டு கண்ணும் சமமாத்தான் இருக்கு. அப்ப விழுந்தப்புறம் வந்ததுதான். வலது பக்கமே திறந்துடலாம்."

ஸ்டூடியோக்காரர் அட்டையிலிருந்த இடது கண்ணைப் பார்த்தார். நாலு நாளுக்கு முன் தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து, "அண்ணே, இந்த இமை தூக்கிக்கவே மாட்டேங்குது. படத்துல அசிங்கமா இருக்குமோ?" என்றான். "உனக்குத் தூக்கம் பத்தல. நான் பாத்துக்கறேன், போ," என்று இவர்தான் அனுப்பிவைத்தார். நன்றாகவே பார்த்துக்கொண்டார். வலது கண்ணை அப்படியே வெட்டியெடுத்து, திருப்பிப் போட்டு, இடது கண்ணின் மேல் ஒட்டினார். கருமணி பெரிதாக இருந்ததும் கண்ணில் படாமல் இல்லை. விளக்கின் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பக்கத்தில் தம்பி மனைவி. அவள் முன்னால் எப்படி வாயைத் திறப்பது? டாக்டரம்மா ஆபரேஷன் தியேட்டருக்குப் பேச போனை எடுத்தார்.

"அது அவன் கண்ணு இல்ல டாக்டர்."

இருவரும் திரும்பினார்கள்.

"படத்துல ரெண்டுமே வலது கண்ணுதான். இடது தொங்கிக்கிட்டு இருந்துச்சு. நான்தான் மாத்தி ஒட்டிட்டேன்."

தம்பி மனைவி டாக்டரம்மாவிடமிருந்து அட்டையை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

இரண்டு தெரு தள்ளியிருந்த தன் கடைக்கு ஓடி, கேமராவையே தூக்கிக்கொண்டு வந்தார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, அழிக்காமல் கிடந்த மூலப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். பாதி மூடிய இடது இமை, அதன் கீழே அகன்று கறுத்த கருமணி. டாக்டரம்மா போனில், "இடது பக்கம்," என்றார்.

ஐந்து மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்த டாக்டரம்மா முகக்கவசத்தை இறக்கி, "வெடிச்சது இடதுதான். அந்தப் பலூனோட கழுத்துல கிளிப் போட்டு அடைச்சாச்சு. வலதை உடம்பு தேறினப்புறம் பாக்கலாம்," என்றார். தம்பி மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆறுதல் சொல்லப் போன ஸ்டூடியோக்காரர் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் தம்பி சாய்ந்து உட்கார்ந்தான். தலையில் கட்டு, இடது இமை இன்னும் பாதிதான் திறந்திருந்தது. அடையாள அட்டையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் கடைக்கு வந்தேனாமே அண்ணே? அந்த வாரமே எனக்கு ஞாபகத்துல இல்ல. ஆனா படத்துல நல்லாத்தான் இருக்கேன்."

படத்தைத் திருத்தியதைப் பற்றித் தம்பி மனைவி எதுவும் சொல்லியிருக்கவில்லை. இப்போதும் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். ஸ்டூடியோக்காரர் பிரிண்ட் போட்டு, பன்னிரண்டு நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்திருந்த மூலப் படத்தை எடுத்துக் கொடுத்தார்.

"நீ வந்தது இப்படிடா."

தம்பி அதை அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "இவ்வளவு பளிச்சுன்னு தெரியுதே அண்ணே," என்றான். குரலில் கோபம் துளியும் இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

"தெரிஞ்சுது. பாத்துட்டுதான் மறைச்சேன்," என்றார். அத்தனை நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

தம்பி மனைவி எழுந்து வந்தாள். கணவன் கையிலிருந்த படத்தை வாங்கி, அட்டையின் உறைக்குள், திருத்திய முகம் மறையும்படி செருகினாள்.