கடைசி அத்தியாயத்தில் பதினோரு ‘ன்’

என் நாவலின் கடைசிப் பதினாறு பக்க ஃபாரத்தின் அச்சுத்தாளைப் படித்த கையோடு சிவகாசிக்குப் பஸ் ஏறினேன். விருதுநகர் வத்தல் மண்டிக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். எடையில் யார் கைவைத்தாலும் தெரிந்துவிடும். இங்கே என் கதாநாயகியின் எடையிலேயே கைவைத்திருந்தார்கள்.

நாவலில் அவள் பெயர் கற்பகவல்லி. மலைப் பங்களாவில், ரத்தம் குடிக்கும் ஜமீன்தாருக்கு வாழ்க்கைப்பட்டவள். இந்த வகைப் பழைய கதைகளில் பெண்களுக்கு இரண்டே வேலை. கழுத்தைக் காட்டிக்கொண்டு மயங்கி விழ வேண்டும். இல்லையென்றால் தானும் ரத்தம் குடித்துப் பலசாலியாக வேண்டும். பலம் வந்த மறுநாளே நாலு ஆண்கள் கூடி அவளைக் கொன்றுவிடுவார்கள். சலித்துப்போய்த்தான் மூன்று வருஷம் உட்கார்ந்து ஒருத்தியை எழுதினேன்: மயங்காமல், பேயாகாமல், தன் கையாலேயே புருஷன் நெஞ்சில் கருவேல முளை அடிக்கிறவள்.

அச்சுத்தாளில் அவள் முளையை எடுத்தான். நெஞ்சில் வைத்தான். அடித்தான். இப்படிப் பதினோரு இடம்.

அச்சகம் சரவணக்குமார் மாமாவுடையது. புரூஃப் பார்ப்பவர் சோலைச்சாமி அண்ணாச்சி. நான் சரி சொன்ன பிறகு அவராகவே திருத்தியிருக்கிறார்.

“எதுக்கு அண்ணாச்சி ‘ள்’ளையெல்லாம் ‘ன்’ ஆக்குனீக?”

“டைப் பிழைன்னு நெனச்சேன் தாயி. பொம்பளை அடிச்சா முளை எறங்குமா?”

“காலண்டர் சீசன்மா,” என்று மாமா குறுக்கே வந்தார். “பிளேட் போட்டாச்சு. மாத்தணும்னா இனி தை கழிச்சுத்தான் மெசின்ல ஏறும்.”

தை முடிவதற்குள் புத்தகக் கண்காட்சியே முடிந்துவிடும்.

“மாமா, அந்த ரூம்ல இருக்கிற ஒரே ஆம்பளை அந்தப் பேய்தான். அதுவே எந்திரிச்சுத் தன் நெஞ்சுல அடிச்சுக்கிச்சா?”

மாமா யோசித்தார். “ஒரு டாக்டரை உள்ள விட்ருவோம். வந்து அடிச்சுட்டுப் போறான்.”

“டாக்டருக்குப் புதுப் பிளேட் போட மட்டும் நேரம் இருக்கோ?”

மாமா ஆர்டர் நோட்டைப் புரட்டி மெசினில் ஒரு மணி நேரம் கிடைக்குமா என்று தேடினார். அண்ணாச்சிதான் விடவில்லை. “படிக்கிறவுக நம்பணும்ல தாயி?”

தாள் மடித்துக்கொண்டிருந்த பாண்டிலட்சுமி சிரித்துவிட்டாள். “எங்க ஊரு ஆனைக்குட்டத்துக்கு வந்து பாருங்க அண்ணாச்சி. எங்க வீட்ல எட்டு ஆட்டுக்கும் முளை அடிக்கிறது நாந்தான். வீட்டுக்காரரு கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு.”

நான் பெருமையாக நிமிர்வதற்குள் அவள் என் பக்கம் திரும்பினாள். “நீங்களும் தப்பாத்தான்க்கா எழுதியிருக்கீக. ஒரே அடியில எறங்குச்சாம்ல? கருவேல முளை பொளந்துல்ல போகும்! மொதல்ல லேசாத் தட்டி நிக்க வைக்கணும். பெறவு நாலு போடு.”

“அதைத்தான் நானும் சொன்னேன்,” என்றார் அண்ணாச்சி.

“நீங்க சொன்னது அது இல்ல!” என்றேன்.

எரிச்சலோடு எரிச்சலாக அண்ணாச்சியின் பேனாவைப் பிடுங்கி, காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சி சத்தமாகப் படித்தார்: “தட்டினாள். அடித்தாள். அடித்தாள். அடித்தாள். அடித்தாள்.”

“வரி கூடிப் பக்கம் தள்ளுது,” என்றார் மாமா. “ரெண்டு அடி போதும்.”

“நாலு.”

“மூணு. எனக்கும் வேணாம், உனக்கும் வேணாம்.”

“நாலுதான் மாமா. எடம் வேணும்னா அவன் அலறுற வரியை எடுத்துக்கிடுங்க.”