அடுப்பு எப்போ பத்த வச்சீங்க?

தாராவி சமூகச் சமையற்கூடத்தில் பகல் ஒரு மணிக்கு நூறு பேருக்குச் சாம்பார் சாதம் தயாராகிவிடும். ஒரு வாரமாக அதில் முப்பது பேர் சாப்பாடு மிஞ்சியது.

"பசி இல்லாதவாளுக்கு எதுக்கு சோறு? நாளையிலேருந்து சின்ன அண்டா போறும்," என்றார் மாட்டுங்காவிலிருந்து வரும் நிர்வாகி நாணு.

"ஒரு நாள் பொறுங்க சார். வீடு வீடாப் போய்க் கேட்டுட்டு வரேன்," என்றாள் சமையற்கூடத்தில் வேலை செய்யும் விஜயராணி.

"அரே, பி.ஏ. படிச்சவ கேட்டா பசி வந்துடுமா? காலிபீலி, வீண் அலைச்சல்."

விஜயராணி படித்தது சமூகவியல். அந்தப் படிப்பு அவளுக்குச் சமைக்கக் கற்றுத்தரவில்லை, கேட்கக் கற்றுத்தந்திருந்தது. 'சாப்பிட்டீங்களா?' என்றால் பட்டினி கிடப்பவரும் 'ஆச்சு' என்றுதான் சொல்வார். மானம் அப்படிச் சொல்ல வைக்கும். 'கடைசியா அடுப்பு எப்போ பத்த வச்சீங்க?' என்றால் பொய் சொல்லவும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்த யோசனையிலேயே விடை தெரிந்துவிடும்.

தோல்பை தைக்கும் ஆறுமுகத்தாய்க்குப் பட்டறை மூடி இரண்டு மாதம். அவள் யோசிக்கவே இல்லை.

"முந்தாநாளு காலைல."

"அப்புறம் ஏன் அத்தே வரதில்ல? பத்து நாள் முன்னாடி வந்தீங்களே?"

"வந்தேம்லா. நீதான தட்டோட நிக்கச் சொல்லி போட்டோ புடிச்ச? அது எங்க ஊரு வாட்ஸப் குரூப்புக்குப் போயிட்டு. மவளுக்குப் பேசுன மாப்பிள வீட்டுல, 'பம்பாயில கம்பெனி வேலைன்னீக, சோத்துக்குல்லா வரிசையில நிக்கீக'ன்னு கேட்டாக. சம்பந்தம் முறிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் இந்தச் சந்துல எவ வருவா?"

எழுதிக்கொண்டிருந்த விஜயராணியின் பேனா நின்றது. உபயதாரர்கள் பார்ப்பதற்காகத் தினமும் படம் எடுத்து இணையத்தில் போட்டவள் அவள்தான். படங்களை எல்லாம் அழித்தாள். ஊருக்குப் போனதை அழிக்க முடியவில்லை.

மறுநாள் வரிசை இல்லை. மூடி போட்ட டப்பாக்களில் சாதம் வீடுகளுக்கே போனது.

"போட்டோ இல்லேன்னா டோனருக்கு என்னத்தைக் காட்டறது?" என்று நாணு கத்தினார்.

"காலி டப்பாவக் காட்டுங்க சார்."

மாலையில் அந்தச் சந்துக்குப் போன முப்பதில் இருபத்தொன்பது டப்பாக்கள் காலியாகத் திரும்பின. முப்பதாவதை ஆறுமுகத்தாயே கொண்டுவந்து வைத்தாள். கனத்தது.

"மவ தொடமாட்டேங்கா," என்றாள். "சோறு குடுக்கது பெருசில்ல தாயி. வாங்குதவ மொகத்த அதுக்கு வெலையாக் கேக்காமக் குடுக்கணும். இதையும் ஒங்க காலேஜுல சொல்லிக் குடுத்திருக்கலாம்."