நுரையில்லாத ரத்தம்

கடமான் ஓடைக்கு அக்கரையில் பின்புறத்தை எங்களுக்குக் காட்டியபடி நின்றது. "சுடாத டிரெண்ட், பக்கவாட்டுல திரும்பட்டும்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் விசையை இழுத்துவிட்டான்.

டிரெண்ட் என் கணவன் ராஸின் தம்பி. மெல்போர்னில் வீடு விற்றுக் கொடுக்கிறவன். முந்தின நாள் முகாமில் அவனுக்கு அட்டைப் பெட்டியில் மான் வரைந்தே காட்டியிருந்தேன். முன்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். அங்கே பட்டால் இதயமோ நுரையீரலோ கிழிந்து சீக்கிரம் விழுந்துவிடும். இன்னும் பின்னால் போனால் வயிறு. வயிற்றில் பட்ட மான் அணு அணுவாகச் சாகும்.

"மிஸ் ஆயிடுச்சு" என்றான்.

மான் முதுகைக் கூனிக்கொண்டு புதருக்குள் நுழைந்ததை நான் பார்த்திருந்தேன். ராஸோடு மூவரும் ஓடையைத் தாண்டிப் போனோம். கறுத்த ரத்தம், அதில் அரைபட்ட புல். நுரையீரலில் பட்டிருந்தால் ரத்தம் நுரைத்திருக்கும்; இதில் நுரையே இல்லை.

"வயித்துல பட்டிருக்கு. இப்பவே துரத்தினா எழுந்து எழுந்து ஓடும். நாலு மணி நேரம் காத்திருக்கணும்."

"நாலு மணி நேரமா? விடு கிளெனிஸ். காட்டுக்குக் கேடுன்னு இதுங்கள அரசாங்கமே ஹெலிகாப்டர்ல போய் சுட்டுத் தள்ளுது. காட்டுல ஒண்ணு கூடச் செத்தா என்ன?"

ராஸ் சிரித்தான். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. இருவரும் முகாமுக்குத் திரும்பினார்கள். நான் அங்கேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன்.

மதியம் ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். பெரணிகள் அடர்ந்த ஒரு பள்ளத்தில் படுத்திருந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, எழ முடியவில்லை. கழுத்தில் சுட்டு முடித்தேன். அறுத்துப் பார்த்தபோது இரைப்பை கிழிந்து உள்ளே எல்லாம் கலங்கிக் கிடந்தது. நாற்றம் தாங்கவில்லை. இதயத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

அந்த இதயத்தையும் நுரையீரலையும் கொண்டுபோய், அவர்கள் சாசேஜ் தின்றுகொண்டிருந்த மேசையில் வைத்தேன்.

"நீ சுட்ட ஓட்டை எங்க இருக்கு? காட்டுடா."

"சாப்பிடற எடத்துல என்ன இது!"

"காட்டு!"

அவன் ராஸைப் பார்த்தான். "போதும் கிளென். ஒரு மானுக்காக என் தம்பிய இப்படி அவமானப்படுத்துவியா?" என்றான் ராஸ்.

"உன் தம்பிக்குத் தெரியல, கத்துக்கலாம். இருபது வருஷமா வேட்டைக்கு வர்ற நீ எப்படிச் சிரிச்ச?"

தேறிய இறைச்சியை எங்களிடம் இருந்த ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு நான் மட்டும் கிளம்பினேன். முகாமிலிருந்து தார்ச்சாலைக்குப் பதினாலு கிலோமீட்டர். நடக்கட்டும்.

மறுநாள் யாரோ வண்டியில் ஏற்றிவந்து ராஸை வாசலில் இறக்கிவிட்டார்கள்.

"டிரெண்ட் மன்னிப்புக் கேக்கச் சொன்னான்."

"நீ?"

அவன் குளிக்கப் போய்விட்டான். அந்தக் குளிர்காலத்தில் இன்னும் இரண்டு முறை மலைக்கு வேட்டைக்குப் போனேன், தனியாக.