தொழில் என்ற கட்டம்

குடியுரிமைக்குப் பதிகிறார்கள் என்றதும் காஜா பெராங் வட்டார ரோட்டு வேலைக் கும்பல் மொத்தமும் அரைநாள் லீவு போட்டுப் பள்ளி மண்டபத்தில் வரிசை கட்டியது. பிழைக்க வந்த நாடு சுதந்திரம் வாங்கிய ஐம்பத்தேழாம் வருஷம். முதல் ஆள் அஞ்சலை. பதினெட்டு வருஷம் கல் சுமந்து, தார் காய்ச்சி, உள்ளங்கை செருப்புத் தோலாகிப் போனவள்.

பதிவுத் தாளில் தொழில் என்ற கட்டத்தில், எழுத்து வேலை பார்க்கும் கிராணி மாணிக்கவாசகம் ஏதோ கிறுக்கினார்.

“என்ன எழுதுனீங்க, கிராணியாரே?”

“கூலி.”

“அது வேணாம். என் மவ கோகிலாவப் பள்ளிக்கூடத்துல ‘கூலி மவ’ன்னுதான் கூப்புடுறாளுங்க. புது நாட்டுக் காயிதத்துலயும் அதேவா?”

“அது நம்ம கூலி இல்ல, இங்கிலீஷ் வார்த்தைம்மா. அர்த்தம் தெரியாம கோவிச்சுக்காத.”

“தெரியாமத்தானே கேக்குறேன். சொல்லுங்க.”

“ஆமா, சொல்லுங்க!” என்றது வரிசை.

மாணிக்கவாசகம் அலமாரியிலிருந்து தடித்த அகராதியை இறக்கித் தூசு தட்டி விரலை ஓட்டினார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

“குஜராத்துல கோலின்னு ஒரு ஜாதி, அதுலேருந்து வந்திருக்கலாமாம். இல்லன்னா… தமிழ்லேருந்து. வேலைக்குக் கொடுக்குற காசு.”

“அட, நம்ம வீட்டுச் சாமானா!” அஞ்சலை இடுப்பில் கை வைத்தாள். “காசோட பேர ஆளுக்கு வச்சுட்டானா வெள்ளக்காரன்? அப்ப மாசம் பொறந்தா சம்பளம் வாங்குற உங்க பேரு என்ன, சம்பளமா?”

பின்னால் நின்ற ருக்மணி, “கும்புடுறேன், சம்பளம் ஐயா!” என்றாள். மண்டபமே அதிர்ந்தது. கிராணிக்கும் சிரிப்பு முட்டியது.

“சரி, ரோடு போடுறவங்கன்னு எழுதுறேன். தொழில் தெரிஞ்சவதானான்னு மேலதிகாரி கேட்டா?”

“வெளிய வாங்க.”

வாசலில் போன மாதம் அவர்கள் போட்ட ரோடு. அஞ்சலை குழாயடி வாளியைத் தூக்கி வந்து ரோட்டின் நடுமுதுகில் கவிழ்த்தாள். தண்ணீர் சரிபாதியாகப் பிரிந்து இரண்டு ஓரமும் ஓடியது. ஒரு பாதி கிராணியின் சப்பாத்துக் காலை நனைத்தது.

“கோலும் இல்ல, கயிறும் இல்ல. தண்ணி தேங்காம ஓட கண்ணால பாத்து ஏத்துன மேடு.”

மாணிக்கவாசகம் உள்ளே போய்க் ‘கூலி’யை அடித்தார். மேலே புதிதாக எழுதினார்.

“எனக்கும் அதேதான்,” என்றார் அடுத்து நின்ற மருதமுத்து. “எனக்கும்!” “எனக்கும்!”

“எழுதித் தொலைக்கிறேன், இருங்கய்யா!”

“சத்தமா ஒருதரம் வாசிங்க,” என்றாள் அஞ்சலை. “மவகிட்ட சொல்லணும்.”

“ரோட் மேக்கர்.”

அதை மறக்காமலிருக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டே, பின்னால் சைக்கிள் மணி அடிக்க அடிக்க, அஞ்சலை ரோட்டின் நடுமுதுகிலேயே வீட்டுக்கு நடந்தாள்.